இருமல், பார்டர் சுகர், முதுகுவலி, ஆஸ்பிரின், செக்கப்: ஒரு குடும்பத்தின் ஐந்து கேள்விகளுக்கு ஆதாரம் சொல்லும் பதில்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பத்து நாளாக இருமல். எங்கள் குடும்ப டாக்டர் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் பார்த்த உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணவருக்கு 45 வயது, ‘பார்டர் சுகர்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கலாமா என்றும் யோசிக்கிறார். மாமனாருக்கு 72 வயது, பிரஷர் மட்டும் உண்டு. ‘ரத்தம் உறையாமல் இருக்க’ என்று தினமும் ஆஸ்பிரின் போடுகிறார். அம்மாவுக்கு 52 வயது. ஃபுல் பாடி செக்கப் எடுக்கச் சொல்லித் தம்பி வற்புறுத்துகிறான். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஆராய்ச்சி ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியுமா?

முடியும். நீங்கள் கேட்ட ஐந்தும் குடும்ப மருத்துவரின் அறைக்கு அன்றாடம் வருகிறவை. ஐந்துக்கும் நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. நானும் குடும்ப மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் பெரும்பாலும் முடிவை மட்டும் சொல்கிறோம். ‘மருந்து வேண்டாம்’, ‘இந்த மாத்திரை போடுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணைச் சொல்வதில்லை. எண் தெரியாதபோது, எழுதிக் கொடுப்பவர் அக்கறையுள்ளவராகவும் கொடுக்காதவர் அலட்சியக்காரராகவும் தெரிவது இயல்பு.

அதனால் எந்தச் சிகிச்சையானாலும் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? செய்தால் நூறு பேரில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும்? அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் நம்மைப் போன்றவர்களா? இந்த மூன்றாவது கேள்வியை நம் ஊரில் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி வேறு நாட்டு உடல்களில், வேறு நோய்கள் உலவும் ஊர்களில் நடந்தவை.

மகளின் இருமலிலிருந்து தொடங்குகிறேன். சளி பிடித்து வரும் இருமல் எத்தனை நாள் இருக்கும்? குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசி 2013இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பாதிக் குழந்தைகளுக்கு பத்து நாளில் இருமல் நின்றது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நிற்க 25 நாள் ஆனது. பெரியவர்களுக்கும் அதே ஆண்டில் இதே போன்ற ஒரு கணக்கு வந்தது: சராசரி 17.8 நாள். ஆனால் ‘இருமல் எத்தனை நாளில் போகும் என்று நினைக்கிறீர்கள்’ என்று மக்களைக் கேட்டபோது, ஏழிலிருந்து ஒன்பது நாள் என்றார்கள். உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எட்டாவது நாள் பொறுமை போகிறது, ஆன்டிபயாடிக் தொடங்குகிறோம், அடுத்த வாரம் இருமல் குறைகிறது. தானாகக் குறைய வேண்டிய நேரத்தில் குறைந்ததை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அடுத்த முறை இருமல் வந்தால் அதே மாத்திரையை மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குகிறோம்.

சரி, ஆன்டிபயாடிக் கொடுத்தால் எவ்வளவு லாபம்? நிமோனியா இல்லாத சாதாரண மார்புச் சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் குழு தொகுத்திருக்கிறது. 5,000க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெரியவர்கள். இருமும் நாட்கள் ஏறக்குறைய அரை நாள் குறைந்தன. இரண்டரை வாரத்தில் அரை நாள். இன்னொரு பக்கம், ஏறத்தாழ 24 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த மருந்தாலேயே வாந்தி, பேதி, தடிப்பு போன்ற தொல்லை வந்தது. ஆக, உங்கள் டாக்டர் சொன்னது சரி.

‘கோழை மஞ்சளாக, பச்சையாக வருகிறதே’ என்பது எல்லா வீடுகளிலும் எழும் அடுத்த கேள்வி. வெள்ளை அணுக்கள் கிருமியோடு போராடும்போது வெளிவிடும் ஒரு நொதியிலிருந்து அந்தப் பச்சை நிறம் வருகிறது. வைரஸ் சளியிலும் அதே நிறம்தான். நிறத்தை வைத்து ஆன்டிபயாடிக் தொடங்கத் தேவையில்லை.

அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது? மூச்சை. குழந்தை வேகமாக மூச்சு விடுகிறதா, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, தண்ணீர் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடக்கிறதா, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுகிறதா? இதில் எது இருந்தாலும் நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிற்றைப் பார்த்து எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குத் தப்பும்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. 25 நாள், 17.8 நாள் என்று நான் சொன்ன கணக்குகள் காசநோய் அரிதான நாடுகளிலிருந்து வந்தவை. நம் நாட்டில் இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. ‘மூன்று வாரம்கூட இருக்கலாம், சும்மா இருங்கள்’ என்று வெளிநாட்டுக் கணக்கை அப்படியே இங்கே சொல்லக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், எடை குறைவது அல்லது ஏறாமலே நிற்பது, வீட்டில் யாருக்காவது காசநோய் இருப்பது என்றால் பரிசோதனை கட்டாயம். அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். வேண்டாத ஆன்டிபயாடிக்கின் இன்னொரு கெடுதலும் இங்கேதான் வருகிறது. லெவோஃபிளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். நோயாளிக்குச் சில நாள் தேவலை போல் இருக்கும். நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். இருமலுக்கு அந்த மாத்திரை எழுதப்பட்டதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

இருமல் சிரப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். குழந்தைகளுக்கு அது பலன் தருகிறது என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த சிரப்பைக் குடித்து, சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. இரண்டு வயதுக்குள் இருமல் சிரப் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அதன்பின் அறிவுறுத்தியது. பலனே இல்லாத ஒன்றுக்காகச் சிறிய ஆபத்தைக்கூட ஏற்க வேண்டியதில்லை. தேனுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. முதல் சில நாட்களில், இரவில் ஒரு ஸ்பூன் தேன் கொடுத்த குழந்தைகள் ஒன்றும் கொடுக்காத குழந்தைகளைவிடக் குறைவாக இருமின. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

இருமலோடு தொண்டைவலியும் இருந்தால் ஒரு வார்த்தை. தொண்டைவலியிலும் ஆன்டிபயாடிக்கால் தொல்லை குறைவது சராசரியாக 16 மணி நேரம்தான் என்று காக்ரேன் தொகுப்பு சொன்னது. மேலைநாடுகளில் அதை வைத்துப் பெரும்பாலானோருக்குத் தவிர்க்கிறார்கள். ஆனால் நம் நாட்டில் தொண்டைக் கிருமியால் வரும் ருமாட்டிக் காய்ச்சலும் அதனால் இதய வால்வு கெடுவதும் இன்னும் ஒழியவில்லை. ஆகவே ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு டான்சிலில் சீழ், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி, காய்ச்சல் ஆகியவை இருந்து, இருமல் மட்டும் இல்லை என்றால் நான் பென்சிலினோ அமாக்சிசிலினோ எழுதத் தயங்கமாட்டேன். இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் வைரஸ், எழுதமாட்டேன். அதே ஆய்வை வைத்துக்கொண்டு லண்டனில் ஒரு டாக்டர் எடுக்கும் முடிவும் மதுரையில் ஒரு டாக்டர் எடுக்கும் முடிவும் வேறுபடலாம். இரண்டும் சரியாக இருக்கலாம்.

அடுத்து கணவரின் பார்டர் சுகர், அதாவது சாதாரண அளவைத் தாண்டியும் சர்க்கரைநோய் அளவை எட்டாத ரத்தச் சர்க்கரை. உங்கள் கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இதற்கான விடையைச் சென்னையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த சர்க்கரைநோய்த் தடுப்பு ஆய்வு 2002இல் வெளிவந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் தீவிரமாகக் கடைப்பிடித்தவர்களுக்கு சர்க்கரைநோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரைநோய் மாத்திரையால் 31 சதவீதம். உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி உடல் பருமன் குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 34. நம்மூரில் பார்டர் சுகரோடு வருகிறவர் இவ்வளவு குண்டாக இருக்கமாட்டார். கொஞ்சம் தொப்பை, மற்றபடி சாதாரண உடம்பு. அவருக்கும் அதே பலன் கிடைக்குமா? சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு 531 பேரை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடியது. 2006இல் முடிவு வந்தது. சராசரி வயது 46, உடல் பருமன் குறியீடு 26க்கும் சற்றுக் குறைவு. உங்கள் கணவரைப் போன்றவர்கள்தான்.

அவர்களில் வழக்கமான பொது ஆலோசனையோடு விடப்பட்ட நூறு பேரில் 55 பேருக்கு மூன்றே ஆண்டில் சர்க்கரைநோய் வந்துவிட்டது. அமெரிக்க ஆய்வில் அதே போல் விடப்பட்டவர்களில் அது 29 பேர் மட்டுமே. ஒல்லியான நமக்கு, குண்டான அவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம்! பார்டர் சுகரை ‘இன்னும் நோய் வரலையே’ என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

நடை, உணவு மாற்றம் இரண்டையும் மேற்கொண்ட சென்னைக்காரர்களில் 39 பேருக்கு நோய் வந்தது. குறைவு 28.5 சதவீதம். இந்த இடத்தில் நின்று கவனியுங்கள். ‘அமெரிக்கர்களுக்கு 58, நமக்கு வெறும் 28.5, நமக்கு நடைப்பயிற்சி அவ்வளவாக உதவாது’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறான வாசிப்பு. அமெரிக்காவில் நூற்றுக்கு 29 என்பது 14 ஆனது; அதாவது 15 பேர் தப்பினார்கள். சென்னையில் 55 என்பது 39 ஆனது. 16 பேர் தப்பினார்கள். நூறு பேர் அதே முயற்சியை எடுத்தால் காப்பாற்றப்படுகிறவர்கள் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய சமம். சதவீதத்தை மட்டும் சொன்னால் எப்படி ஏமாந்துவிடுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மாத்திரை விளம்பரமானாலும் யூடியூப் வீடியோவானாலும் ‘50 சதவீதம் குறையும்’ என்று கேட்டால் உடனே ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு’ என்று கேட்டுப் பழகுங்கள்.

அந்த ஆய்வில் இன்னும் இரண்டு விஷயம். நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆனாலும் நோய் குறைந்தது. எனவே ‘ஒரு மாதமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கலை’ என்று உங்கள் கணவர் விட்டுவிட வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு பலன் கிடைத்தது. ஆனால் நடையும் மாத்திரையும் இரண்டும் சேர்ந்தபோது கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஆகவே முதலில் நடை: தினம் அரை மணி நேரம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில். தட்டில் சோற்றின் அளவைக் குறைத்துக் காயும் பருப்பும் கூடட்டும். காபி, டீயில் சர்க்கரை வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்கும் மற்ற காரணங்களால் ஆபத்து அதிகமானவர்களுக்கும் மெட்ஃபார்மின் பற்றி டாக்டரோடு பேசலாம்.

எந்தப் பரிசோதனையில் பார்டர் வந்தது என்றும் பாருங்கள். சென்னை ஆய்வில் சேர்ந்தவர்கள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 140க்கும் 199க்கும் இடையில் இருந்தவர்கள். அதுவும் இரண்டு முறை உறுதி செய்யப்பட்டவர்கள். சென்னையில் பிறகு 578 பேரோடு நடந்து 2016இல் வெளியான இன்னொரு ஆய்விலும் சர்க்கரைநோய் 32 சதவீதம் குறைந்தது. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் கூடியிருந்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. கணவரின் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்று எண் மட்டும் இருந்தால் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையையும் ஒரு முறை செய்துவிடுவது நல்லது.

முதுகுவலிக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘டிஸ்க் பல்ஜ்’, ‘ஜவ்வு தேய்மானம்’ என்று ஏதோ ஒன்று வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதுகில் வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய தொகுப்பு 2015இல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபதுகளில் 30 சதவீதம், எண்பதுகளில் 84. தலைமுடி நரைப்பது போல டிஸ்க்கும் வயதோடு மாறுகிறது. அதைப் படத்தில் பார்த்துவிட்டுப் பயந்து, குனியாமல், நடக்காமல், வேலைக்குப் போகாமல் முடங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்குக் கெடுதல் செய்தது வலியைவிட அந்த ரிப்போர்ட்தான்.

ஸ்கேன் எப்போது அவசரம்? மலம், சிறுநீர் வருவது தெரியாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, கால் பலம் இழப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரி. முன்பு புற்றுநோய் வந்தவர், விழுந்து அடிபட்டவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், படுத்திருந்தாலும் குறையாத இரவு வலி உள்ளவர் ஆகியோரையும் விட்டுவிடக் கூடாது. நம் ஊரில் இதோடு முதுகெலும்புக் காசநோயையும் நினைவில் வைக்க வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலி என்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் முதல் ஆறு வாரத்துக்கு ஸ்கேன் உங்கள் கணவரின் சிகிச்சையை மாற்றப்போவதில்லை.

மாத்திரை? ஆஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்ட புது முதுகுவலிக்காரர்களில் சிலருக்குப் பாராசிட்டமாலும் சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள் 17 நாளில் குணமானார்கள், வெற்று மாத்திரைக்காரர்கள் 16 நாளில். வலி நிவாரணிகளில் ஐபுபுரூஃபன் வகை சிறிதளவு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது. திரும்பத் திரும்ப வரும் முதுகுவலிக்கு நல்ல சேதி 2024இல் வந்தது. வலி சரியானபின் படிப்படியாக நடைப்பயிற்சி செய்த ஆஸ்திரேலியர்களில் பாதிப் பேருக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனது. செய்யாதவர்களுக்கு 112 நாள். உங்கள் கணவருக்கு இது இரட்டை லாபம். சுகருக்காக நடக்கும் அதே நடை முதுகுக்கும் ஆகிறது.

மாமனாரின் ஆஸ்பிரின். இங்கே ஒரு கேள்வி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: அவருக்கு இதுவரை மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் ஏதாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் ஆஸ்பிரின் அவருக்கு உயிர் காக்கும் மருந்து. இதைப் படித்துவிட்டு ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வராதவர் என்றால் கதை வேறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைக் கடந்த, இதயநோய் இல்லாத 19,114 பேரை வைத்து நடந்த ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வு 2018இல் வந்தது. ஆஸ்பிரினால் மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடும்படி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவுகள் கூடின. சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரை ஏழு ஆண்டுக்கு மேல் தொடர்ந்த ‘அசெண்ட்’ ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. அதில் நூற்றுக்கு 9.6 பேருக்கு வர வேண்டிய இதய, மூளைத் தாக்குதல் 8.5 ஆகக் குறைந்தது. ஆபத்தான ரத்தக்கசிவு 3.2லிருந்து 4.1 ஆகக் கூடியது. ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் வாங்கிக்கொண்டது. 60 வயதுக்கு மேல் இதயநோய் இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இல் சொன்னதற்கு இவைதான் அடிப்படை. மாமனார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பதால், ‘எனக்கு இது யார், எதற்காகத் தொடங்கினார்கள்’ என்று பழைய சீட்டுகளோடு போய் டாக்டரிடம் கேட்கட்டும். வயிற்றுப்புண் இருந்தாலோ மூட்டுவலிக்கு வேறு வலி மாத்திரை சாப்பிட்டாலோ அதைத் தள்ளிப்போடாமல் கேட்கட்டும்.

அவருக்கு உண்மையில் பலன் தருவது பிரஷரை ஒழுங்காக அளந்து கட்டுக்குள் வைப்பதுதான். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, கால் தரையில் பதிய உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். கருவியின் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. வீட்டில் 135/85க்கு மேல் தொடர்ந்து வந்தால் அது கிளினிக்கில் 140/90க்கு மேல் இருப்பதற்குச் சமம். மாத்திரையைக் காலையில் போடுவதா இரவிலா என்ற சண்டையை பிரிட்டனில் 21,104 பேரோடு நடந்த ‘டைம்’ ஆய்வு 2022இல் தீர்த்துவைத்தது. வித்தியாசம் இல்லை. அவருக்கு மறக்காமல் நினைவிருக்கும் நேரம் எதுவோ அதுவே நேரம்.

கடைசியாக அம்மாவின் ஃபுல் பாடி செக்கப். நோயில்லாதவர்களுக்குப் பொதுவான உடல் பரிசோதனைத் தொகுப்பு செய்தால் ஆயுள் கூடுமா என்று பார்த்த சோதனைகளை காக்ரேன் குழு 2019இல் தொகுத்தது, சுமார் 2.5 லட்சம் பேர். இறப்பு குறையவில்லை. புற்றுநோய் இறப்பும் இதய இறப்பும் குறையவில்லை. ஆனால் இங்கேயும் மூன்றாவது கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்த ஆய்வுகள் நடந்தவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். அங்கே பலருக்கும் ஏற்கெனவே ஒரு குடும்ப டாக்டர் இருந்து, வரும்போதெல்லாம் பிரஷர் பார்த்துவிடுகிறார். நம் ஊரில் 52 வயதுவரை ஒரு முறைகூடப் பிரஷர் பார்க்காத அம்மாக்கள் எத்தனையோ பேர். அதனால் ‘பரிசோதனையே வேண்டாம்’ என்று நான் சொல்லமாட்டேன். அறுபது எழுபது ரத்தப் பரிசோதனைகள் அடங்கிய பேக்கேஜ் வேண்டாம். ஆதாரம் உள்ள சிலவற்றைச் செய்யுங்கள் என்பேன். அத்தனை பரிசோதனை செய்தால் ஆரோக்கியமானவருக்கும் ஓரிரண்டு எண் கோட்டைத் தாண்டி வருவது கணக்குப்படி ஏறத்தாழ நிச்சயம். அதன் பின்னால் அலைவது தனிச் செலவு, தனிப் பயம்.

பிரஷர், சர்க்கரை, ஒரு முறை கொழுப்பு: இந்த மூன்றும் முதலில். பிரஷரும் சர்க்கரையும் தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். அம்மாவுக்கு வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தால் வாயைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் பார்க்கும் பரிசோதனை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மார்பகத்துக்கு, பயிற்சி பெற்ற செவிலியரோ டாக்டரோ கையால் பார்ப்பது போதும் என்று தொடங்கலாம். மும்பையில் 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. ஆனால் 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் அம்மா அந்த வயதில் இருக்கிறார்.

பேக்கேஜ் விளம்பரங்களில் பெரும்பாலும் விடுபடுவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் முடிவு வந்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் 1.3 லட்சம் பெண்களோடு நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வந்தபோது, ஒரு முறை செய்த எச்.பி.வி. பரிசோதனை (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) அந்தப் புற்றுநோய் இறப்பை ஏறக்குறைய பாதியாக்கியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அசிட்டிக் அமிலச் சோதனையில் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிவிடுவதால் சரியாகத் தெரியாது. எனவே அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதென்றால் எச்.பி.வி. பரிசோதனை, அது கிடைக்காத இடத்தில் கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர். இன்னும் நிற்கவில்லை என்றால், பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அசிட்டிக் அமிலச் சோதனையைச் செய்துகொள்ளலாம். தம்பி பேக்கேஜுக்கு வைத்திருக்கும் பணத்தில் எச்.பி.வி. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.